நீண்ட தூர விமானத்தில் முதல் வகுப்பு: கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கும், எங்கே கோட்டை விடுவோம்?

கேள்வி இதுதான். 13, 14 மணி நேரப் பயணம். முதல் வகுப்பில் போக ஒரே ஒரு வாய்ப்பு கைக்கு வந்திருக்கிறது, காசாகவோ மைல்களாகவோ (விமான நிறுவனத்தின் உறுப்பினர் திட்டத்தில் சேரும் புள்ளிகள்) பெருந்தொகை செலவாகும். பிசினஸ் கிளாஸைவிட இதில் என்ன கூடுதல்? எந்த விமானம், எந்த சீட், ஏறியபின் நேரத்தை எப்படிப் பிரிப்பது, என்னென்ன சொதப்பும்?

படுக்கைக்காக மட்டும் முதல் வகுப்பு எடுப்பதாக இருந்தால் எடுக்க வேண்டாம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1990களின் நடுவில் முழுத்தட்டையாகப் படுக்கும் சீட்டை முதல் வகுப்பில் வைத்தபோது அது பெரிய விஷயம். 2000 வாக்கில் அதே நிறுவனம் அதைப் பிசினஸிலும் போட்டுவிட்டது. 2017-இல் கத்தார் ஏர்வேஸ் பிசினஸ் சீட்டுக்குச் சாத்துகிற கதவும் வைத்தது. இரண்டுக்கும் இடைவெளி குறையக் குறைய, பல நிறுவனங்கள் முதல் வகுப்பையே கழற்றிவிட்டன. இன்றும் வைத்திருப்பவற்றில் முக்கியமானவை எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், கேத்தே பசிபிக், ஜப்பான் ஏர்லைன்ஸ், ஆல் நிப்பான், லுஃப்தான்ஸா, சுவிஸ், ஏர் பிரான்ஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ், எதிஹாத், குவான்டாஸ்.

மிச்சமிருக்கும் வித்தியாசம் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. ஏர் பிரான்ஸின் போயிங் 777-இல் முதல் வகுப்பில் மொத்தமே 4 சீட். கேத்தேயின் 777-இல் 6, லுஃப்தான்ஸாவின் 747-8-இல் 8. மூன்று நான்கு பயணிகளுக்கு ஒரு பணியாளர் என்று வருகிறது. பிசினஸில் ஐம்பது அறுபது பேருக்கு ஒரே நேரத்தில் பரிமாறியாக வேண்டும். அவர்கள் வரிசை எப்போது வருகிறதோ அப்போதுதான் சாப்பாடு, அது முடிந்தபின்தான் விளக்கணைப்பு. முதல் வகுப்பில் எப்போது சாப்பிடுவது, எப்போது படுப்பது, எப்போது எழுப்பச் சொல்வது என்பதெல்லாம் உங்கள் கையில். இந்த உரிமையைப் பயன்படுத்தாதவர், பிசினஸ் பயணத்தைத்தான் கொஞ்சம் அகலமான சீட்டில் செய்துவிட்டு இறங்குகிறார். கீழே சொல்லப்போவது பெரும்பாலும் இதை வீணாக்காமல் இருப்பது பற்றித்தான்.

முதலில் பயண நேரத்தைப் பாருங்கள், விமான நிறுவனத்தின் பெயரை அப்புறம் பார்க்கலாம். இரவு 11 மணிக்குக் கிளம்பும் 7 மணி நேர விமானத்தை எடுத்துக்கொள்வோம். மேலேறி, சீட் பெல்ட் விளக்கு அணைந்து, மெத்தை விரிக்கும் நிலை வர அரை மணி ஆகிவிடும். முழுச் சாப்பாட்டை வரிசைப்படி சாப்பிட்டால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். இறங்குவதற்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பே காலை உணவுக்கு எழுப்புவார்கள். மிஞ்சுவது மூன்று, மூன்றரை மணி நேரத் தூக்கம். இவ்வளவு செலவழித்துக் கண்ணெரிச்சலோடு இறங்குவதில் அர்த்தமில்லை. இதே கணக்கை 14 மணி நேரத்துக்குப் போட்டால் இரண்டு சாப்பாடு, 8 மணி நேரத் தூக்கம், அதற்கும் மேல் சும்மா உட்கார்ந்திருக்க இரண்டு மணி நேரம் கிடைக்கும். வாய்ப்பு ஒன்றே ஒன்றுதான் என்றால் 11 மணி நேரத்துக்குக் குறையாத பயணத்தில் செலவிடுங்கள். குறுகிய இரவுப் பயணம்தான் அமைகிறது என்றால் இரவுச் சாப்பாட்டை விமான நிலைய லவுஞ்சிலேயே (காத்திருப்புக் கூடம்) முடித்துவிட்டு, ஏறியவுடன் படுத்துவிட வேண்டும். பகல் விமானம் வேறு கணக்கு. தூங்க வேண்டியதில்லை, சாப்பிட, பார்க்க, நீட்டிப் படுக்க முழு நேரமும் உண்டு. விமானத்தையே ரசிக்க விரும்புகிறவர்களுக்குப் பகல்தான் சரி, ஆனால் போய்ச் சேர்ந்த அன்றிரவு தூக்கம் வராது.

அடுத்து விமான வகை. ஒரே நிறுவனத்தில், ஒரே வழித்தடத்தில்கூட முதல் வகுப்பு விமானத்துக்கு விமானம் வேறாக இருக்கும். எமிரேட்ஸ் 2017 நவம்பரில் காட்டிய அறை, தரையிலிருந்து கூரை வரை சுவர், வரிசைக்கு மூன்றே அறை, ஒன்று சுமார் 40 சதுர அடி. நடு அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே பொருத்திய கேமராக்களின் காட்சி செயற்கை ஜன்னலில் ஓடும். ஆனால் அந்நிறுவனத்தின் 777 எல்லாவற்றிலும் இது இல்லை. மற்றவற்றில் வரிசைக்கு நான்கு, பாதியுயரத் தடுப்பு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ380-இல் 2017 இறுதியில் வந்த 6 தனி அறைகளில் நாற்காலி தனி, கட்டில் தனி. அதே நிறுவனத்தின் 777-இல் 4 சீட், அதுவே மடங்கிப் படுக்கையாகும் பழைய பாணி. லுஃப்தான்ஸாவின் 747-8-இல் கதவே கிடையாது. 2024 நவம்பரில் ஏ350-இல் வந்த புதியதில் கூரைவரை சுவர், நடுவில் இருவர் சேர்ந்து படுக்கும் அறை. ஜப்பான் ஏர்லைன்ஸ் 2024 ஜனவரியில் ஹனேடா–நியூயார்க் தடத்தில் விட்ட ஏ350-1000-இல் தலைமாட்டிலேயே ஒலிபெருக்கி, ஹெட்போன் மாட்டாமலே படம் பார்க்கலாம்.

இதைப் படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். விளம்பரத்தில் எப்போதும் புதியதைத்தான் போடுவார்கள். புக்கிங் பக்கத்தில் சீட் வரைபடத்தைத் திறந்து எண்ணுங்கள். வரிசைக்கு 1-1-1 என்று மூன்று இருக்கிறதா, 1-2-1 என்று நான்கு இருக்கிறதா, மொத்தம் எத்தனை? எமிரேட்ஸின் 777 என்றால் 6 இருந்தால் புதியது, 8 இருந்தால் பழையது. வாங்கியபின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே வரைபடத்தைத் திரும்பத் திறந்து பார்க்க வேண்டும். விமானம் மாற்றப்பட்டால் மின்னஞ்சல் வந்துதான் ஆகும் என்று நம்பி இருக்காதீர்கள். பல நேரம் சீட் எண் மட்டும் சத்தமில்லாமல் மாறியிருக்கும்.

இன்னொரு பொறி: கலப்பு வகுப்பு டிக்கெட். தேடும்போது 'முதல் வகுப்பு' என்று மலிவாக ஒன்று வந்து நிற்கும். உள்ளே பார்த்தால் ஒன்றரை மணி நேர இணைப்பு விமானம் மட்டும் முதல் வகுப்பு, கடல் தாண்டும் 12 மணி நேரம் பிசினஸ். அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் முன்பக்க அகல சீட்டுக்கே அந்தப் பெயர்தான். ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே வகுப்பு என்ன எழுதியிருக்கிறது, என்ன விமானம் என்று தனித்தனியாகப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

மைல்களில் எடுப்பவர்கள் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் போதும்: முதல் வகுப்பு மைல் சீட்டை நிறுவனங்கள் தம் சொந்த உறுப்பினர்களுக்குத்தான் முதலில் கொடுக்கின்றன, கூட்டாளி நிறுவனத்தின் மைலை வைத்திருப்பவருக்கு மிச்சம் மீதி. சிங்கப்பூரின் ஏ380 அறைகளுக்கு அவர்களுடைய கிரிஸ்ஃப்ளையர் மைல்தான் வேண்டும். லுஃப்தான்ஸா, கூட்டாளி திட்டங்களுக்கு முதல் வகுப்பைத் திறப்பது பெரும்பாலும் கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில். எமிரேட்ஸ் 2025 மே மாதத்திலிருந்து முதல் வகுப்பு மைல் டிக்கெட்டைத் தன் வெள்ளி, தங்க, பிளாட்டினம் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. ஆக, சீட் கிடைக்கும் காலம் இரண்டு. ஒன்று, முன்பதிவு நாட்காட்டி திறக்கும் நாள், அதாவது பயணத்துக்கு 11, 12 மாதம் முன்பு. மற்றொன்று, கடைசி 14 நாள். நடுவில் உள்ள மாதங்களில் தேடித் தேடி மனம் சோர்ந்து போகாதீர்கள். வங்கிக் கார்டுப் புள்ளிகளை மைலாக மாற்றினால் திரும்ப வாங்க முடியாது. சீட் இருப்பதைக் கண்ணால் பார்த்தபின்தான் மாற்றம். மாற்றம் வந்துசேர சில திட்டங்களில் நாட்கணக்கில் ஆகும், அதற்குள் சீட் போயிருக்கலாம் என்பதும் கணக்கில் இருக்கட்டும். மைல் போக எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று ஒரு பெருந்தொகையைச் சில நிறுவனங்கள் வசூலிக்கின்றன. பிரிட்டனிலிருந்து கிளம்பினால் முன்வகுப்புகளுக்குப் புறப்பாட்டு வரியும் கூடுதல். அங்கே போய் இறங்குவதற்கு அந்த வரி இல்லை என்பதால், சுற்றுப்பயணத்தில் எந்தத் திசையில் முதல் வகுப்பு என்று தேர்ந்தெடுக்க முடிந்தால் பிரிட்டனுக்குப் போகும் திசையைப் பிடிப்பது லாபம்.

சீட் தேர்வு. விமானத்தின் மூக்குப் பகுதியில் எஞ்சின் சத்தம் பின்தங்கிவிடும். ஒலிக்குத்தான் முன்பக்கத்துக்கு இவ்வளவு மதிப்பு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எஞ்சின் இரைச்சல் குறைந்தால் மற்ற சத்தமெல்லாம் தெளிவாகக் கேட்கும்: பக்கத்துச் சீட்காரரின் குறட்டை, சமையலறை இழுப்பறை சாத்தும் சத்தம், தட்டில் கரண்டி படுவது. அதனால் முதல் வரிசை என்றாலே உசத்தி என்று எண்ணாமல், வரைபடத்தில் சமையலறையும் கழிவறையும் எந்தப் பக்கம் என்று பார்த்து, இரண்டிலிருந்தும் ஒரு வரிசையாவது தள்ளி எடுங்கள். எமிரேட்ஸ் ஏ380-இல் ஷவர் அறைகள் மேல்தளத்தின் முன்கோடியில், அங்கே ஆள் நடமாட்டம் ஓயாது. குலுக்கல் பயம் உள்ளவர்களுக்கு ஒரு சங்கடமான உண்மை: குறைவாகக் குலுங்குவது இறக்கை அருகில், முன்கோடியில் கூடுதலாகவே தெரியும். தம்பதியாகப் போகிறவர்களுக்கு 1-2-1 அமைப்பில் நடு ஜோடி. 1-1-1 என்றால் இருவரும் பேசிக்கொள்ள எழுந்துதான் போக வேண்டும். சிங்கப்பூர் ஏ380-இல் ஒரே பக்கத்து முதல் இரண்டு அறைகளுக்கு நடுச்சுவர் இறங்கும், கட்டில்கள் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது அறைக்கு அது கிடையாது. இணைத்துப் படுக்க ஆசைப்பட்டு மூன்றாவதை எடுத்துவிட்டு அங்கே போய்க் கேட்பதில் பலனில்லை.

தரையில் கிடைப்பவற்றை வெகுபேர் பாதியில் விடுகிறார்கள். லுஃப்தான்ஸாவுக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் முதல் வகுப்புக்கென்றே 2004-இல் திறந்த தனிக் கட்டிடம் இருக்கிறது. செக்-இன், பாதுகாப்புச் சோதனை, சாப்பாடு, குளியல் எல்லாம் அதற்குள்ளேயே; நேரமானதும் காரில் ஏற்றி விமானத்தடியில் இறக்கிவிடுவார்கள். சிங்கப்பூரில் 'பிரைவேட் ரூம்', லண்டன் ஹீத்ரோவில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 'கான்கார்ட் ரூம்', தோஹாவில் கத்தார் ஏர்வேஸின் 'அல் சஃப்வா' என்று ஒவ்வொன்றும் சாதாரண லவுஞ்சுக்குள்ளோ அதற்கு அப்பாலோ இருக்கும் தனிக் கதவு. அட்டை வைத்திருப்பதால் நுழையும் லவுஞ்ச் வேறு, முதல் வகுப்பு டிக்கெட்டுக்கு மட்டும் திறக்கும் லவுஞ்ச் வேறு. முதலாவதில் உட்கார்ந்துகொண்டு 'இவ்வளவுதானா' என்று நினைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. போர்டிங் பாஸைக் காட்டி 'முதல் வகுப்புக்கு என்று தனியாக இருக்கிறதா' என்று வாசலிலேயே கேளுங்கள். அங்கே இரண்டரை, மூன்று மணி நேரம் போதும். வீட்டுக்குக் கார் அனுப்பும் வசதி இருந்தால் அதைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், பொதுவாக ஒரு நாள் முன்னதாக. மைல் டிக்கெட்டுக்கும் அப்கிரேடுக்கும் அது இல்லாமலும் போகலாம்.

உணவை முன்கூட்டியே சொல்லும் வசதி உள்ள நிறுவனங்களில் தவறாமல் சொல்லிவிடுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் இதற்கு 'புக் தி குக்' என்று பெயர், குறைந்தது 24 மணி நேரம் முன்பு தெரிவிக்க வேண்டும். காரணம் எளிது. விமானத்தில் ஒவ்வொரு முக்கிய உணவும் சில தட்டுகள்தான் ஏற்றப்படும். ஆறு பேரில் நான்கு பேர் அதே மீனைக் கேட்டால் ஐந்தாமவருக்கு இருக்காது. முன்பதிவு செய்யாவிட்டால், ஏறி உட்கார்ந்தவுடனே 'எனக்கு இது, ஆனால் மூன்று மணி நேரம் கழித்து' என்று சொல்லி ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

ஏறியபின் முதல் இருபது நிமிடத்தில்தான் முழு இரவும் தீர்மானமாகிறது. பணியாளர் வந்து பெயர் சொல்லி வணங்கி, பானம் கேட்டு, இரவு உடையின் அளவு கேட்பார். ஒரு அளவு பெரிதாகவே கேளுங்கள்; தூக்கத்தில் புரள இடம் வேண்டும். அப்போதே மூன்று விஷயத்தையும் சொல்லிவிடுங்கள்: எப்போது சாப்பாடு, எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும், காலை உணவு வேண்டுமா அல்லது இறங்கும் வரை தொந்தரவே வேண்டாமா. 'பார்க்கலாம், அப்புறம் சொல்கிறேன்' என்றால் அவர்கள் வழக்கமான ஒழுங்கிலேயே போய்விடுவார்கள், குறை சொல்ல முடியாது. உடை மாற்ற, விமானம் கிளம்பும் முன்பே கழிவறைக்குப் போய்விடுங்கள். சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் அனைவரும் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள். கதவுள்ள அறையாக இருந்தாலும் தரையில் ஓடும்போதும், மேலேறும்போதும், இறங்கும்போதும் கதவைத் திறந்த நிலையிலேயே பூட்டி வைப்பார்கள். அது விதி, வாதாட வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏமாற்றம் அதிகம் வருவது இங்கேதான். விமானத்தில் சமையல் நடப்பதில்லை, சூடேற்றல்தான் நடக்கிறது. தரையில் முக்கால் வேக்காடாக வேகவைத்து, குளிர்வித்து, ஏற்றி, மேலே நீராவி அடுப்பில் சூடாக்குகிறார்கள். இதனால் மெதுவாகக் கொதித்த குழம்பு வகை, வேகவைத்துக் குழைந்த இறைச்சி, சாறுள்ள எதுவும் நன்றாகத் தாங்கும். தட்டையான இறைச்சித் துண்டை 'நடு சிவப்பாக' என்று கேட்டால் சாம்பல் நிறத்தில் வந்து சேர வாய்ப்பு அதிகம். வறுத்தது, மொறுமொறுப்பானது எதையும் எதிர்பார்க்க வேண்டாம். சுவை மங்குவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் லுஃப்தான்ஸாவுக்காக 2010-இல் செய்த சோதனையில், விமானத்தின் காற்றழுத்தத்திலும் வறட்சியிலும் உப்பு 20 முதல் 30 சதவீதமும் இனிப்பு 15 முதல் 20 சதவீதமும் மங்கித் தெரிவதாகக் கண்டார்கள். அதனால்தான் தக்காளி, காளான், சோயா போன்றவை மேலே தூக்கலாகவும், மென்மையான வெள்ளைச் சாஸ் சப்பென்றும் இருக்கும். மீன்முட்டை வந்தால் உலோகக் கரண்டியால் எடுக்காதீர்கள், உலோகவாடை ஏறும். சிப்பியாலான சிறு கரண்டி கூடவே வரும், வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். நறுக்கிய வெங்காயமும் முட்டையும் தொட்டுக்கொள்ள வைத்திருப்பார்கள். முதல் வாயைத் தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு அவற்றைத் தொடுங்கள்.

மது விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். விலையுயர்ந்த ஷாம்பெயின் இலவசமாகக் கிடைக்கிறது என்று குடித்துவிட்டுப் படுப்பது, வாங்கிய தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது. ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்தார் 2024-இல் வெளியிட்ட ஆய்வில் 48 பேரைச் சோதித்தார்கள். 2,438 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தத்தில், மது அருந்திவிட்டுத் தூங்கியவர்களின் இரத்த ஆக்சிஜன் சுமார் 85 சதவீதத்துக்கு இறங்கியது, தூக்கத்திலேயே இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 88-ஐ எட்டியது. இளவயது, நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்கே இப்படி. குடித்தே தீர வேண்டுமென்றால் பகல் விமானத்தில், அல்லது தூங்கி எழுந்தபின். ஏ350, ஏ380, 787 போன்றவற்றில் உள்ளழுத்தம் சுமார் 1,800 மீட்டர் உயரத்துக்குச் சமமாக வைக்கப்படுவதால் மற்றவற்றைவிட உடலுக்குக் கொஞ்சம் இதம். காற்றின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம்தான் என்பதால் மூக்கும் கண்ணும் காயும், கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள்.

படுக்கை. நீங்கள் கழிவறைக்குப் போய்வருவதற்குள் பணியாளர் சீட்டைச் சாய்த்து, மெத்தை விரித்து, போர்வையை ஒரு முனை மடித்து வைத்துவிடுவார். நீங்களே பொத்தானை அழுத்திப் போராட வேண்டாம். படுக்கையின் நீளம் பெரும்பாலானவற்றில் சுமார் 2 மீட்டர், ஆனால் கால்மாடு குறுகும் இடம் உண்டு. ஒருக்களித்துப் படுப்பவர்கள் முழங்கால் இடிக்காத பக்கத்தைப் படுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரியும்படி கட்டுங்கள். குலுக்கல் வந்து விளக்கு எரிந்தால் பணியாளர் ஒவ்வொருவரும் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தாக வேண்டும். மேலே தெரிந்தால் நகர்ந்துவிடுவார், தெரியாவிட்டால் தட்டி எழுப்புவார். தூக்கத்தைக் கெடுக்கும் அடுத்த ஆள் வெப்பம். கனத்த போர்வைக்கு விமானம் சூடாகவே தோன்றும், பல புதிய அறைகளில் தலைக்குமேல் தனிக் காற்றுக்குழலும் இருக்காது. முதல் வகுப்புப் பகுதியின் வெப்பத்தைத் தனியே குறைக்க முடியும், கேட்டால் குறைப்பார்கள். மற்றவர்களுக்குக் குளிர்ந்தால் மெல்லிய போர்வை ஒன்று கேளுங்கள்.

படுக்கையாக மாறும் இந்தச் சீட்டுகளில் ஒரு ஆபத்தும் உண்டு. செல்போன் இடுக்கில் நழுவி விழுந்துவிட்டால் சீட்டை ஒரு அங்குலம்கூட அசைக்காதீர்கள். முன்னே தள்ளிப் பார்த்தால் தெரியும் என்று பொத்தானை அழுத்தத்தான் எல்லோருக்கும் கை போகும். உள்ளே மோட்டாரும் இரும்புக் கைகளும் இருக்கின்றன. அவை போனை நசுக்கினால் லித்தியம் பேட்டரி தீப்பற்றும். எழுந்து நில்லுங்கள், பணியாளரைக் கூப்பிடுங்கள். அவர்கள் டார்ச் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் உறையைக் கழற்றிக் கையால் எடுப்பார்கள். சில நேரம் தரையிறங்கும் வரை எடுக்க முடியாது என்றும் சொல்வார்கள்.

ஏ380-இல் குளிப்பதென்றால்: எமிரேட்ஸில் ஒருவருக்கு அரை மணி நேரம் அறை, அதில் தண்ணீர் 5 நிமிடம். தண்ணீரை நிறுத்தினால் கணக்கும் நிற்கும், ஆகவே நனை, நிறுத்து, சோப்பு போடு, திற என்ற முறையில் 5 நிமிடம் தாராளம். எவ்வளவு மிச்சம் என்று உள்ளே விளக்கு காட்டும். ஏறியவுடனே நேரம் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எல்லோரும் இறங்குவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தையே கேட்பார்கள். அந்த நேரத்தில் குலுக்கல் வந்தால் வரிசை மொத்தமும் தள்ளிப்போகும், சிலருக்குக் கிடைக்காமலே போகும். நான்கு மணி நேரம் முன்பான இடத்தை எடுத்தால் பாதுகாப்பு. எதிஹாத்தின் ஏ380-இலும் ஷவர் உண்டு. மற்ற முதல் வகுப்புகளில் தேட வேண்டாம்.

காலில் இரத்தம் உறைவது எகானமிக்காரர்களின் நோய் என்ற எண்ணம் தவறு. காரணம் அசையாமை, நீட்டிப் படுத்து எட்டு மணி நேரம் புரளாமல் கிடப்பதும் அதில் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இந்த அபாயத்தைச் சுமார் இரண்டு மடங்காக்குவதாகவும், மொத்தத்தில் அது 6,000 பேரில் ஒருவர் என்ற அளவு என்றும் சொன்னார்கள். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொருமுறை எழுந்து நடங்கள். ஏற்கெனவே இரத்த உறைவு வந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

சீட் பழுதாவது நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும். மோட்டார் நின்றுவிட்டால் பணியாளர் மின்சாரத்தை அணைத்துப் போடுவார், அது பலிக்காவிட்டால் கையால் சாய்க்கும் நெம்புகோல் இருக்கிறது. திரையோ கதவோ வேலை செய்யாவிட்டால் இறங்கியபின் எழுதிப் பயனில்லை. மேலே இருக்கும்போதே தலைமைப் பணியாளரிடம் சொல்லி, விமானப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள், உங்கள் பக்கம் ஒரு படமும் நேரமும் எடுத்து வையுங்கள். நிறுவனம் பின்னால் அந்தப் பதிவைத்தான் பார்க்கும்.

பெரிய அடி, கீழிறக்கம். விமானம் மாறி முதல் வகுப்பே இல்லாதது வந்து நிற்கும், அல்லது உங்கள் சீட் பழுதென்று பிசினஸுக்கு அனுப்புவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானம், அல்லது அங்கே போகும் ஐரோப்பிய நிறுவன விமானம் என்றால் 261/2004 எண் விதியின் 10-ஆவது பிரிவு உங்கள் பக்கம்: 1,500 கிலோமீட்டர் வரை 30 சதவீதம், அதற்குமேல் 3,500 வரை 50, அதைத் தாண்டினால் 75 சதவீதம், ஏழு நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். இந்தச் சதவீதம் முழு டிக்கெட்டுக்கும் அல்ல, கீழிறக்கப்பட்ட அந்த ஒரு பயணத் துண்டின் விலைக்குத்தான் என்று 2016-இல் ஐரோப்பிய நீதிமன்றம் எமிரேட்ஸ் தொடர்பான வழக்கில் தெளிவாக்கியது. மற்ற இடங்களில் விதி வேறு. எங்கே நடந்தாலும், கேட் கவுண்டரில் நிற்கும்போதே 'விருப்பமின்றிக் கீழிறக்கம்' என்று எழுத்தில் வாங்குங்கள். உடனே நீட்டும் பரிசுக் கூப்பனில் கையெழுத்திடும் முன், அதை வாங்கினால் மற்ற உரிமை போய்விடுமா என்று படித்துப் பாருங்கள். காத்திருக்க நேரம் இருந்தால் முதல் வகுப்புள்ள அடுத்த விமானத்தில் மாற்றிக் கேட்பது பல நேரம் பணத்தைவிட லாபம்.

இறங்குவதற்கு அரை மணி முன்பு சீட் நிமிர்ந்துவிடும். இரவு உடை, செருப்பு, ஒப்பனைப் பை உங்களுடையவை. மெத்தை, போர்வை, ஹெட்போன் அவர்களுடையவை. பணியாளருக்கு டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை, பெயர் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு நாலு வரி எழுதினால் அது அவர்கள் பணிப்பதிவில் சேரும். எழுந்து நடக்கும் முன் ஒவ்வொரு மூடியையும் கையால் திறந்து பாருங்கள். இந்த அறைகளில் ஏழெட்டு மறைவிடங்கள் இருக்கும், விளக்கு எரியாததும் உண்டு. பாஸ்போர்ட்டும் மூக்குக் கண்ணாடியும் தங்கிப்போவது பெரும்பாலும் ஹெட்போன் தொங்கும் சின்ன அலமாரிக்குள்ளேதான்.